மூன்றாம் நாள் முடியாத வீடு

எத்தாளையில் ஜவ்பரின் வீட்டுக்குள் புதன்கிழமை முடியவில்லை. போர் ஓய்ந்து ஐந்தாம் வருடம் அது. புத்தளத்தில் அரச அலுவலகமொன்றில் சாரதியாக இருந்த அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததற்காகச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுமுறை கிடைத்திருந்தது. மூன்றாம் நாள் பொழுது சாயவில்லை. படலைக்கு வெளியே வியாழனும் வெள்ளியும் ஒழுங்காகப் போயின. உள்ளே வெயில் சுவரில் அதே இடத்தில் நின்றது, பானையில் மத்தியானச் சோறு அள்ள அள்ளக் குறையவில்லை. விசாரிக்க வந்த தலைமை எழுதுவினைஞர், தன் கைக்கடிகாரமும் உள்ளே புதன் காட்டுவதைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, விடுமுறை இன்னும் முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். சம்பளம் தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டு ஆசியா உம்மா பழுதாகாமல் இருக்கட்டும் என்று மீனைக் கொண்டுவந்து வைத்தார். ஊருக்கே குதூகலம்.

ஜவ்பர் பிள்ளையைக் கீழே வைக்கவில்லை. பிறந்தவுடன் அதன் வலக் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொன்னவன் அவன். ஆஸ்பத்திரியில் செய்த கேட்டல் பரிசோதனையில் இடக் காது பதில் தரவில்லை. அடுத்த செவ்வாய் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இந்த வீட்டுக்குச் செவ்வாய் வராது என்பதில் அவனுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பிள்ளையின் தொப்புள்கொடி காயவில்லை. ஏழாம் நாள் வராததால் முடி இறக்கவும் இல்லை, பெயர் வைக்கவும் இல்லை. மருத்துவமாது யூஜீனியா வாராவாரம் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். ஒரு கிராம் ஏறவில்லை. காதில் குறை இருந்தால் வேளைக்கே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சும் பிந்தும் என்று எச்சரித்தார்.

“போன இடத்துல கேக்காதுண்டு சொல்லிட்டா?” என்றான் ஜவ்பர்.

மனைவி ஹஃபீலா பிள்ளையைத் துணியில் சுற்றினாள். “சொன்னா மருந்து பாப்பம். உங்கட லீவு முடியாட்டி உங்களுக்குச் சந்தோசம். புள்ள வளர வேணாமா?”

படலையைத் தாண்டினால் வெளியே மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் கருவி இரண்டு காதுக்கும் பச்சை காட்டியது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னான், மறுபடியும் பச்சை. ஜவ்பர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். பிள்ளை திடுக்கிட்டு அவன் பக்கம் திரும்பியது.

மூன்று நாள் கழித்து, பிள்ளையின் ஏழாம் நாளில், முடி இறக்கி, றைஸா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் ஹஃபீலாவின் உம்மா வீட்டுக்கு மாறினார்கள். புதன்கிழமை பழைய வீட்டிலேயே இருந்தது. அந்த மாதம் மீன்பிடிக்கும் தோமஸுக்கு மகன் பிறந்தான். கடலுக்குப் போகாத நாளுக்கு அவனுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. ஜவ்பர் சாவியைக் கொடுத்தான். குறையாத பானைச் சோற்றைத் தின்றுகொண்டு தோமஸ் ஆசை தீர மகனை மடியில் வைத்திருந்துவிட்டு வெளியே வந்தான். பிறகு உப்பளத்தில் வேலை செய்யும் மீரா முகைதீன் போனான். எத்தாளையில் இப்போது பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் முதலில் விசாரிப்பது, புதன்கிழமை காலியா என்பதைத்தான்.