கண்டக்டரின் கைக்கு வந்த வாழ்வு

வேலையில் இருந்தவரை கண்டக்டரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. சிறுநீரகம் கைவிட்ட பிறகுதான் அவருடைய இடது கைக்கு வாழ்வு வந்தது. டயாலிசிஸுக்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அது கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்து, தொட்டால் தையல் மெஷின் மாதிரி அதிர்ந்தது. நர்ஸ் பயிற்சிக்கு வந்த புதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "ஃபிஸ்டுலான்னா இப்படி இருக்கணும்" என்று காட்டுவாள். ஜன்னலோர நாற்காலியும் அவருக்கே. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மல்லாந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். இதய டாக்டர் சோதித்துவிட்டு, "கை வழியா ஓடுற ரத்தம் ரொம்ப அதிகம். அதையும் சேர்த்து இறைச்சு இதயம் வீங்கிப்போச்சு. குழாயைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிடலாம். ஒரு பஸ்ல ரெண்டு பஸ் கூட்டத்தை ஏத்துனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"கலெக்ஷன் பிச்சுக்கும்," என்றார் கண்டக்டர். "கைக்கு நல்ல பேர் வந்தது இதயத்துக்குப் பொறுக்கல டாக்டர். நான் கை பக்கம்."

டாக்டர் அந்தக் குழாயைக் கட்டைவிரலால் ஒரு கணம் அமுக்கினார். திரையில் நாடித்துடிப்பு சட்டென்று இறங்கியது. "பாத்தீங்களா, இதயத்துக்கு எவ்வளவு நிம்மதி?"

பார்த்தது கூட வந்திருந்த கண்டக்டரின் மனைவி. வெளியே வந்ததிலிருந்து அவள் கட்டைவிரல் அந்தக் கையை விட்டு இறங்கவில்லை. பஸ்ஸில், கடைத்தெருவில், அவர் சவரம் செய்யும்போதுகூட அமுக்கியபடியே நின்றாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்ததில்லை என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அவளுக்குப் புருஷன் வேண்டும்.

அடுத்த டயாலிசிஸுக்கு வந்தபோது நர்ஸ் அலறிவிட்டாள். "ஐயோ அம்மா, விரலை எடுங்க! இப்படியே அமுக்குனா ரத்தம் உறைஞ்சு குழாய் அடைச்சுக்கும். அப்புறம் எதுல ஊசி போடுறது?"

"விட்டா இதயம் போயிடும், அமுக்குனா கை போயிடும்னா நான் என்னதான் பண்றது சிஸ்டர்?" என்று அவள் அழுதுவிட்டாள். அவள் அழுது கண்டக்டர் பார்த்ததே இல்லை.

"கட்டச் சொல்லிடுங்க," என்றார் நர்ஸிடம்.

கட்டினார்கள். கை இப்போது டயாலிசிஸுக்கு வரும் எல்லார் கையையும் போல மெல்ல முனகுகிறது. ஜன்னலோர நாற்காலி ஒரு லாரி டிரைவரின் கைக்குப் போய்விட்டது. கண்டக்டருக்கு வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தவர் அப்படியே குறட்டை விட ஆரம்பித்தார். பாழாய்ப்போன பழக்கம், அவள் விரல் தானாகவே அந்தக் கைப்பக்கம் போனது. அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, வீடே அதிரும் அந்தக் குறட்டையை அவள் ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தாள்.