உப்புத்தாள் தேய்த்த கை

ஓய்வுநாள் பள்ளியில் டீச்சரம்மா பைபிளில் வரும் ஈசாக்கு வீட்டுக் கதையை எடுத்தால், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார்கள். கண் தெரியாத அப்பா, கையெல்லாம் ரோமமான முரட்டு மூத்தவன், வீட்டோடு கிடக்கும் இளையவன், அவன் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி மூத்தவனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிவர உள்ளே தள்ளிவிட்ட அம்மா ரெபெக்காள் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். "பாத்தீங்களா, பெத்தவங்க ஓரவஞ்சனை பண்ணா வீடு என்ன ஆகுதுன்னு" என்று முடிப்பாள். பிறகு வீட்டுக்குப் போய், தன் இரட்டைப் பிள்ளைகளில் சின்னவன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைப்பாள். இருபது வருஷமாக அதே கதை, அதே தட்டு.

அவள் வீட்டுக்காரர் வீட்டோடு சேர்ந்தே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கே பார்வை கொடுத்தவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எட்டு நிமிஷம் முந்திப் பிறந்த பெரியவன்தான் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தான். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை, அதுவும் மனசு வந்தால். சின்னவன் கை வெண்ணெய். கடைக்கு வருவான், அங்கிருக்கும் எல்லாக் கண்ணாடியிலும் தலை வாரிக்கொள்வான், போய்விடுவான். "அவனுக்கு மூளை இருக்கு" என்பாள் அம்மா. எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், கடையைப் பெரியவன் பேருக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார் அப்பா. டீச்சரம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கடை பெரியவனுக்குப் போய்விட்டால் சின்னவன் நடுத்தெருவில் நிற்பான் என்று நிஜமாகவே பயந்தாள். பத்திரம் எழுதுகிறவரிடம் தானே போய், சின்னவன் பேரை எழுதி வாங்கி வந்தாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புகைமூட்டம். பிரேம் வாங்கப் பெரியவன் வெளியூர் போயிருந்தான். பெரியவன் பேருக்கு எழுதியாச்சு என்று சொல்லி, பத்திரத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பெரியவனைக் கூப்பிடு. அவன் கையைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இவள் சின்னவனைப் பின்னறைக்கு இழுத்துப்போய், உப்புத்தாளை எடுத்து அவன் விரல் நுனிகளைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ அம்மா, எரியுது!"

"பொறுத்துக்கோடா. கடை வேணுமா, வேணாமா?"

அண்ணனின் அழுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். அப்போதும் அந்தக் கதை அவள் நினைவுக்கு வரவில்லை. ரெபெக்காள் செய்தது சூது. இவள் செய்தது பிள்ளைப் பாசம். இரண்டும் ஒன்றாகுமா?

"வந்துட்டேம்ப்பா" என்றான் சின்னவன், குரலைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு.

அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"குரல் என்னமோ சின்னவன் குரலாட்டம் இருக்கே."

"சளி பிடிச்சிருக்குங்க" என்றாள்.

"ஓ, சளியா? சரி, கை பெரியவன் கைதான்." லேசாகச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்த பெரியவன் விஷயம் தெரிந்ததும், தேய்த்து வைத்திருந்த லென்ஸ் தட்டை அப்படியே தரையில் கவிழ்த்தான். "அவன் என் கண்ணுல பட்டான்னா..." என்றான். அவன் வாயில் அத்தனை வார்த்தை சேர்ந்து வந்து யாரும் கேட்டதில்லை. டீச்சரம்மா வெளியூரில் கண்ணாடிக் கடை வைத்திருந்த தன் அண்ணனிடம் மறுநாளே சின்னவனை அனுப்பினாள். "கொஞ்ச நாள்தான்டா. இவன் கோபம் தணிஞ்சதும் கூப்பிடறேன்."

அந்த அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மாமன்காரன் மருமகனைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்க உட்கார வைத்தான். பிறகு மூத்தவளைக் கட்டிவைத்து, எழுந்திருக்கவே விடாமல் செய்தான். "அடுத்த மாசம் வரேம்மா" என்று போனில் சொல்லிச் சொல்லி ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவன் விரலில் உப்புத்தாளே தேவைப்படாத அசல் காய்ப்பு. பத்திரத்தில் அவன் பேர் இருந்த கடையைப் பெரியவன் நடத்தினான், அப்பா கண்ணுக்கு வேளை தவறாமல் மருந்து விட்டான்.

அந்த ஆறு வருஷமும் டீச்சரம்மா கதையை விடவில்லை. போன வாரம் ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், அந்தப் பையன் மாமா வீட்டுக்குப் போனானே, அப்புறம் அவங்க அம்மா அவனைப் பாத்தாங்களா?"

அவள் எப்போதும் அதற்கு முன்னாலேயே கதையை முடித்துவிடுவாள். பக்கங்களைப் புரட்டினாள். மகன் திரும்பி வருகிற இடம் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் இருந்தது. அம்மாவைக் காணோம்.

"எழுதலைம்மா" என்றாள். வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கடையின் முன்னறையில் இருந்த கணவரிடம் நேராகக் கேட்டாள். "அன்னைக்குக் கையைத் தடவினீங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

"உப்புத்தாள் தேச்ச தோல் சூடா இருக்கும். காய்ப்பு சூடா இருக்காது. முப்பது வருஷம் லென்ஸ் தேச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ வகுப்பு எடுக்கறப்போ வெளி பெஞ்சுல உக்காந்து வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். ஏமாத்தி வாங்கினவன் வீட்ட விட்டுப் போயிடறான். ஏமாந்தவன்தான் பெத்தவங்களோட இருக்கான். கடையை யாரு வேணா வச்சுக்கட்டும். எனக்குப் பெரியவன் வேணும்னு நினைச்சேன்."

நீங்கள் மட்டும் செய்தது ஓரவஞ்சனை இல்லையா என்று கத்த வாயெடுத்தாள். கத்துவதற்கு அவளுக்கு எந்த யோக்கியதையும் மிச்சமில்லை. சின்னவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்த, ஆறு வருஷத்துக்கு முந்தின முகம்தான் வந்தது.

பின்னறையிலிருந்து பெரியவன் வந்தான். அவளுக்கென்று புதிதாகத் தேய்த்த கண்ணாடியை மூக்கில் மாட்டி, சொரசொரத்த விரலால் காதுக்குப் பின்னால் கம்பியைச் சரி செய்தான்.

"தெரியுதா?"

"எல்லாம் தெரியுதுடா" என்றவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவன் அவள் கண்ணையே ஒரு நிமிஷம் பார்த்தான். "பவர் ஜாஸ்தியாயிடுச்சு போல" என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் தேய்க்கப் போனான்.