நகராத வாயு

பேராசிரியருக்கு அன்று கால் தரையில் படவில்லை. விண்மீன் மண்டலத்தின் மையத்தில், சுற்றியிருப்பதெல்லாம் தலைதெறிக்க ஓடும் இடத்தில், ஹைட்ரஜன் வாயு மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அகச்சிவப்பு நிறமாலையில் அதன் மேடு ஒட்டகத் திமில்போல் எழுந்து நின்றது.

கணக்குப் போட்டவன் அவருடைய செல்ல மாணவன். ஆய்வுக்கூடத்தில் அவனை இளவரசர் என்பார்கள். அதைப் பாராட்டு என்றே அவன் நம்பினான்.

கூட வேலை செய்த ஆராய்ச்சி மாணவிக்குத் திமிலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பு ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்று அறிய, அருகிலுள்ள சூடான விண்மீன் ஒன்றைப் பார்த்து, அதன் நிறமாலையால் வகுப்பார்கள். அந்த விண்மீனுக்கும் சொந்தமாக ஒரு ஹைட்ரஜன் பள்ளம் உண்டு. அதை நிரப்பாமல் வகுத்தால், அங்கே பள்ளம், இங்கே மேடு. அரிச்சுவடிப் பாடம். அவள் நிரப்பிவிட்டு வகுத்தாள். திமில் போன இடம் தெரியவில்லை.

சிரிப்பும் போனது. மாலையில் அனுப்பவிருந்த கட்டுரையில் அவள் பெயரும் இருந்தது.

"சார், இது வாயு இல்ல. அந்த விண்மீனோட பள்ளம். நிரப்பாம வகுத்திருக்காங்க."

"அம்மணிக்குப் பொறாமை சார்," என்றான் இளவரசர்.

பேராசிரியர் தலை நிமிரவில்லை. "பள்ளம்தான். எனக்குத் தெரியும்மா."

இளவரசர் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்குத் தெரியாது.

"தெரிஞ்சுமா அனுப்புறீங்க?" என்றாள் அவள்.

"தப்புன்னு நாலு பேர் எழுதுவான். எழுதுறவன் நம்ம பேரைச் சொல்லித்தானே எழுதணும்? உன் பேரும் வரும், போ."

இத்தனை நாள் அவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்து, உள்ளூரப் பரிதாபப்பட்டிருந்தாள். பரிதாபம் வீண்.

"என் பேரை எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டு எதைக் காட்டிப் பட்டம் வாங்குவே? வழிகாட்டின்னு கையெழுத்து நான் போடணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

குனிந்து, அவர் கணினியிலேயே தன் பெயரை அழித்தாள்.

"அந்த இடத்துல என் மச்சானைப் போட்டுக்கலாமா சார்?" என்றான் இளவரசர். மச்சான் துணிக்கடை வைத்திருந்தான்.

"போட்டுக்கோ."

அவள் மாடியேறி, வேறொரு பேராசிரியையின் கதவைத் தட்டினாள்.

"வழிகாட்டியை மாத்திக்கணும், மேடம்."