காதில் தாமதம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஒரு பாட்டு ஐந்தாவது முறையாகப் பதிவானது. ஓட்டமாகத் தொடங்கிய பாட்டு, முடியும்போது நடந்துகொண்டிருந்தது.

“மறுபடியும் இழுத்துட்டீங்க டைல்ஸ்,” என்றார் பல் டாக்டர். மருத்துவமனை அவருடையது, கிட்டாரும் அவருடையது. ஞாயிறு விடுமுறை என்பதால் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி, பழைய மெத்தைகளைச் சன்னலில் சாத்தியிருந்தார்கள். ஈறு நோய் பற்றிய சுவரொட்டிக்குக் கீழே டிரம்ஸ். அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குச் சொந்தமாக டைல்ஸ் கடை இருந்ததால் ‘டைல்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவிதான் பாடகி. சுவர் தடிமன் என்று அவளை எக்ஸ்ரே அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தியிருந்தார்கள். அவளுடைய தம்பி, வரவேற்பு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பதிவு செய்தான்.

நகராட்சி புதிதாகக் கட்டிய மண்டபத்தின் திறப்பு விழாவில் வாசிக்க விரும்பும் குழுக்கள், மூன்று பாட்டுகளைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். போன மாதம் முழுக்கப் பாட்டு இழுக்கிற இதே கதைதான். பல் டாக்டர் அன்று வரும்போதே சொல்லிவிட்டார்.

“இன்னிக்கும் இப்படியே போச்சுன்னா, டிரம்ஸ மெஷின்ல போட்டுருவோம். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.”

டைல்ஸ் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே எடுத்துக்கொள்ளாதவர் போல, சிம்பலில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லூரி நாளிலிருந்து வாசிக்கிறார். வாரத்தில் ஆறு நாள் சதுர அடிக் கணக்குப் பேசுகிற மனிதருக்கு ஏழாவது நாள் மட்டும்தான் இது.

“அத்தான் மேல மட்டும் பழி போடாதீங்க டாக்டர்,” என்றான் தம்பி. “உங்க கிட்டாரே உங்க காதுக்கு லேட்டாத்தான் வருது.”

அவன் சொன்னது உண்மை. வாசிப்பது கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பி ஹெட்ஃபோனுக்கு வர வேண்டும். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் வேன் மாதிரி, ஒரு கொத்து சேர்ந்த பிறகே அனுப்பும். அந்தக் கொத்துக்கு பஃபர் என்று பெயர். பெரிய வேன் என்றால் காத்திருப்பும் அதிகம். சின்ன வேன் என்றால் நிறைய தடவை ஓட வேண்டும். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கினால் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் ஒலி பொரியும். பொரிகிறதே என்று போன மாதம் வேனைப் பெரிதாக்கியவன் தம்பிதான்.

இப்போது அதை 1024லிருந்து 128க்கு இறக்கினான். பொரிந்தது. திறந்து கிடந்த இணையப் பக்கங்களை எல்லாம் மூடினான். வைஃபையை அணைத்தான். அக்காவின் குரலுக்குக் கோவிலுக்குள் பாடுகிற மாதிரி எதிரொலி போட்டிருந்தான். அதையும் எடுத்தான்.

“டேய், என் குரல் என்னடா வெறுங்கால்ல நிக்குது?” என்றது எக்ஸ்ரே அறை.

“அப்புறமா செருப்பு போட்டு விடறேன்க்கா. இப்ப லேட்டா வருதா?”

“இல்ல. நான் வாயத் தொறந்ததும் வருது.”

டாக்டர் ஒரு முறை கம்பியை மீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, கையிலயே இருக்கு.” பொரிவதும் நின்றது. எல்லோரும் உற்சாகமாக ஆறாவது முறை வாசித்தார்கள்.

பாட்டு மறுபடியும் இழுத்தது.

டாக்டர் கிட்டாரைப் பார்த்தபடியே, “தம்பி, அந்த மெஷின் தாளத்த எடு,” என்றார்.

டைல்ஸ் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினார். சிம்பலின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார். “சரிதான். வயசாயிருச்சு போல,” என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு வாயோடு நின்றது.

மெஷினுக்கு வேகம் குறிப்பதற்காக டாக்டர் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். தம்பி கணக்கெடுக்க நிமிர்ந்தபோது, டைல்ஸின் விரல்கள் சிம்பல் பெட்டியின் மூடியில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடக்க, கிட்டாரை நேராகக் கேட்டு, தன்னை அறியாமல் தட்டினார். ஒவ்வொரு தட்டும் கிட்டாரோடு கச்சிதமாக விழுந்தது.

“அத்தான், அந்த ஹெட்ஃபோன குடுங்க.”

“எதுக்கு மாப்ளே? அது நல்லாத்தான் இருக்கு.”

அந்த அறையில் கம்பி இல்லாத ஹெட்ஃபோன் அது ஒன்றுதான். போன மாதத் தொடக்கத்தில், திருமண நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்தது. குச்சியில் கம்பி சிக்குகிறது என்று அவர் ஒரு முறை அலுத்துக்கொண்டதை ஞாபகம் வைத்திருந்து வாங்கியது. தம்பி இதுவரை தாமதத்தை அளந்ததெல்லாம் தன் காதிலிருந்த கம்பி ஹெட்ஃபோனில். இப்போது டிரம்ஸ் மைக்கை எடுத்து அத்தானின் ஹெட்ஃபோனுக்குள் சொருகி, பதிவை ஓட்டி, கையைத் தட்டினான். தட்டியது ஒரு முறை. திரையில் இரண்டு மேடுகள் எழுந்தன: ஒன்று கைதட்டல், மற்றது அதுவே ஹெட்ஃபோன் வழியாகப் பிந்தி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மைதானம் கிடந்தது.

“கம்பி இல்லாததுல இந்த லேட்டு இருக்கும். நான் என்ன பஃபர மாத்தினாலும் குறையாது,” என்றான். “நம்ம வாசிச்சு முடிச்சதத்தான் அத்தான் கேட்டு வாசிக்கிறாரு. அவருக்காக நம்மளும் நின்னு நின்னு போறோம். உங்களுக்குத் தெரியலையா அத்தான்?”

டைல்ஸ் குரலைத் தாழ்த்தினார். “தெரியும் மாப்ளே. வீட்டுல இத மாட்டிட்டுப் படம் பாக்கும்போதே, கதவு சாத்தினப்புறம்தான் சத்தம் வரும்.”

“அப்ப சொல்ல வேண்டியதுதானே?”

“உங்கக்கா ஆசையா வாங்கிக் குடுத்தது. ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு’ன்னு நாலு தடவ கேட்டா. பிரமாதம்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

மைக் திறந்திருக்கிறது என்பதை மூவரும் மறந்துவிட்டார்கள். எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது.

“ஏங்க, இதுக்காகவா ஒரு மாசமா திட்டு வாங்கிட்டு உக்காந்திருந்தீங்க?”

“நீயும்தான் ஒண்ணும் சொல்லல.”

“என்னத்தச் சொல்ல? உங்களுக்குக் கை தளந்துருச்சோன்னு நெனச்சேன். சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு இருந்தேன்.”

“கையா? எனக்கா?”

“பின்ன என்ன, காதுன்னா நெனைப்பேன்?” அவள் கம்பி ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்து வந்து, கம்பியை அவர் முதுகுப்பக்கம் சட்டைக்குள் விட்டு, இடுப்பு வழியாக வெளியே இழுத்தாள். “இப்பச் சிக்காது. வாசிங்க.”

“மன்னிச்சிருங்க டைல்ஸ்,” என்றார் டாக்டர்.

“அத அப்புறம் பாத்துக்கலாம். எண்ணுங்க.”

அன்று மாலைக்குள் மூன்று பாட்டுகளும் பதிவாயின. மறுநாள் காலை முதல் நோயாளி வருவதற்கு முன் டாக்டர் அவற்றை விழாக் குழுவுக்கு அனுப்பினார். மூன்றிலும் டிரம்ஸ் வாசித்தவர் டைல்ஸ்.