பிள்ளையைக் கையில் ஏந்தியவர்கள்

பீட்ரூட் சாற்றில் மூன்று நாள் ஊறிச் சிவந்த அவித்த முட்டைகளை வெர்னா ஹெர்ப்ஸ்டர் இரண்டிரண்டாக நறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் ஆகஸ்ட் மாதக் ஹெர்ப்ஸ்டர் குடும்பச் சந்திப்புக்கான ஏற்பாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யார் உருளைக்கிழங்கு கொண்டுவருவது, கூடாரத்துக்கு யாரிடம் சொல்வது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மேசையின் அந்தக் கோடியிலிருந்து கிளெண்டா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டுதான் அவள் பேசுவாள். அதைப் பார்த்தாலே வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணி, அந்தப் பழைய ஞானஸ்நான ஏட்டை நான் ஒரே ஒரு தடவை பாக்கலாமா? கேஸ்பர் தாத்தா எந்த ஊர்லேருந்து வந்தார்னு கண்டுபிடிச்சிடலாம்னு தோணுது."

கூடத்தில் இருந்த பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னாவின் கத்தி முட்டையின் மஞ்சளில் நின்றது.

யோஹான் கேஸ்பர் ஹெர்ப்ஸ்டர் 1749இல் கப்பல் ஏறி வந்து பிலடெல்பியாவில் இறங்கியவர். இறங்கிய அன்றே இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து, கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு பெர்க்ஸ் மாவட்டத்து மலையடிவாரத்துக்கு வந்து காடு வெட்டி, கோதுமை விதைத்து, ஒன்பது பிள்ளை பெற்று, செத்துப்போனார். இவ்வளவையும் தோண்டி எடுத்தது வெர்னா. காலுறை ஆலை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறெல்லாம் கல்லறைகளில் மண்டியிட்டு எழுத்துகளைச் சுரண்டிப் படித்து, 1991இல் பழுப்பு அட்டை போட்டு ஒரு புத்தகமே கொண்டுவந்தாள். ஹெர்ப்ஸ்டர் வீடு ஒவ்வொன்றிலும் பைபிளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் அவளைக் கேட்டால், என் பிள்ளை அந்தப் புத்தகம்தான் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அதன் முதல் பக்கத்திலேயே ஓர் ஓட்டை. "இவர் ஜெர்மனியில் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று தெரியவில்லை." வருஷா வருஷம் யாராவது ஒருத்தன் 'பை' பலகாரத்தைத் தின்றுகொண்டே வந்து, "என்ன வெர்னா, தாத்தா வானத்துலேருந்தா குதிச்சார்?" என்று கேட்பான். அவளும் சிரித்துவைப்பாள். உள்ளே ரத்தம் கொதிக்கும்.

இப்போது இவள் வந்துவிட்டாள், கண்டுபிடிக்க. ஹெர்ப்ஸ்டர் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. சித்தப்பா மகன் ஹார்லனைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை.

"நான் பாக்காததையா நீ பாக்கப்போற?" என்றாள் வெர்னா, குரலில் தேன் தடவி.

"ஐயோ, அப்படியில்ல அண்ணி. உங்க புத்தகத்துல குழந்தை பேரு, அப்பா, அம்மா எல்லாம் இருக்கு. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரு மட்டும் இல்ல. ஊர் விட்டு ஊர் வந்தவங்க புள்ளைய யார் கையில குடுப்பாங்க? சொந்த ஊர்க்காரங்க கையிலதானே? தாத்தாவத் தேடாம அவங்களத் தேடினா ஊர் கெடைச்சிரும்ல?"

"அட!" என்றார் ஒருத்தர். "மூளைன்னா இது மூளை" என்றாள் இன்னொருத்தி. ஹார்லன் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. வெர்னாவின் புத்தகம் வெளியான அன்றுகூட அந்தக் கூடத்தில் ஒருத்தரும் அட என்று சொன்னதில்லை. பொறாமைதான், வேறென்ன? அதற்கு அழகான பேர் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஏனென்றால் கிளெண்டா சொன்னது சரி. 1986 குளிர்காலத்தில், தேவாலயத்தில் கணப்பு இல்லாத பின்னறையில் விரலில்லாத கையுறை போட்டுக்கொண்டு வெர்னா அந்த ஏட்டை நகல் எடுத்தாள். பக்கத்துக்கு நாலு கட்டம். பிள்ளை, தகப்பன், தாய், கடைசியில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவர்கள். அந்த நாலாவது கட்டத்தில் போதகரின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கம் பார்த்தாள். யாரோ ஏந்தினார்கள், ஏந்திவிட்டுப் போனார்கள், அவர்களா நம் குடும்பம் என்று விட்டுவிட்டாள்.

"ஏட்டோட முதுகு விட்டுப்போயிருக்கு. பைண்டர் பாக்கிற வரைக்கும் திறக்கக் கூடாது" என்றாள். பச்சைப் பொய். தேவாலயப் பெட்டகத்தின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முதுகுவலியா? எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா" என்றான் ஹார்லன். எல்லாரும் சிரித்தார்கள். கிளெண்டா மட்டும், "பாவம், பழைய ஏடு, பைண்டர் பாத்தப்புறமே பாக்கலாம்" என்றாள். அந்த நல்லதனத்தைத்தான் வெர்னாவால் தாங்க முடியவில்லை. சண்டைக்கு வந்திருந்தாலாவது ஒரு கை பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெர்னா பின்னறையில் இருந்தாள். ஏட்டின் முதுகு அவள் முதுகைவிட நன்றாகவே இருந்தது. 1751ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினாள். அவளுடைய நேர் முப்பாட்டனின் பாட்டன், கேஸ்பரின் மூத்த மகன், யோஹான் மெல்கியோர். அந்த வரி அவளுக்கு மனப்பாடம். பெருக்குக் கண்ணாடியை நாலாவது கட்டத்தின் மேல் நகர்த்தினாள்.

ஊர் அங்கேயே இருந்தது. ஜெர்மனிக்குக் கடிதம் எழுத வேண்டாம், கப்பல் பட்டியலைக் கிளற வேண்டாம். "இவரும் மனைவி அப்பொலோனியாவும், பெற்றோரைப் போலவே இவர்களும் ஹிர்ஷ்வைலர் ஊரார்" என்று போதகர் மெனக்கெட்டு எழுதிவைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரையே கழுத்தில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். வெர்னா அழுதாள். சத்தம் போட்டுச் சிரிக்கவும் செய்தாள். ஹிர்ஷ்வைலர், ஹிர்ஷ்வைலர் என்று அந்தக் குளிர்ந்த அறையில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

அப்புறம்தான் அதற்கு முன்னால் இருந்த பெயரைப் படித்தாள். மெல்கியோர் ஃபெஸ்லர்.

ஃபெஸ்லர் என்பது கிளெண்டா பிறந்த வீட்டுப் பெயர்.

வெர்னா கண்ணாடியைக் கீழே வைத்தாள். அந்தக் கால வழக்கம் அவளுக்குத் தெரியாதா என்ன? பிள்ளைக்குப் பெயர் வீட்டிலிருந்து வராது, ஏந்துகிறவரிடமிருந்து வரும். ஞானத்தகப்பன் பெயரே பிள்ளைக்கு. அப்படியானால் மெல்கியோர் என்ற பெயர், அவளுடைய அப்பாவும் அவருடைய தாத்தாவும் தலைமுறை விட்டுத் தலைமுறை சுமந்த பெயர், ஹெர்ப்ஸ்டர் பெயரே இல்லை. கேஸ்பரின் தகப்பன் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் அடித்துச் சொல்லியிருந்தாள். அது கிளெண்டாவின் ஆட்கள் போட்ட பெயர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 1988இல் கிளெண்டாவுக்கு முதல் பையன் பிறந்தான். மெல்கியோர் என்று வைக்கப் போவதாக ஹார்லன் சொன்னான். வெர்னா அன்று மாலையே வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தையைப் பார்த்தாள், கொஞ்சினாள், பிறகு சொன்னாள்: "அந்தப் பேரு மூத்த வழிக்குச் சேந்தது. என் தம்பி ஏர்லுக்குப் பையன் பொறந்தா வேணும். நீ உங்க வீட்டுப் பக்கத்துப் பேரா ஏதாவது வச்சுக்கோயேன்." கிளெண்டா படுக்கையில் கிடந்தபடி சிரித்தாள். "எங்க வீட்டுப் பக்கம் என்ன பேரு அண்ணி இருக்கு? பால் வண்டி ஓட்டினவங்க நாங்க." குழந்தைக்கு டாட் என்று பெயர் வைத்தார்கள். ஏர்லுக்கு மூன்றும் பெண். அப்பாவோடு மெல்கியோர் என்ற பெயரும் மண்ணுக்குள் போயிற்று. கொடுத்த வீட்டுக்காரி கேட்டபோது இல்லை என்று சொன்னவள், வேறு யாருமல்ல, இவள்தான்.

அடுத்த பத்து நாள் வெர்னாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சந்திப்பில் அறிவித்துவிடலாம். எப்படிக் கிடைத்தது என்றால் தேடினேன், கிடைத்தது என்று சொல்லிவிடலாம். அந்தப் பழைய ஜெர்மன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் அவளைத் தவிர யார்? மேடையில் நிற்பதையும், கிளெண்டா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதையும் நினைத்துப் பார்த்தால் குளுகுளுவென்றிருந்தது. அந்தச் சுகம் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பால் வண்டிக்காரக் குடும்பம், சந்திப்பும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல், கல்லறை எங்கே என்றுகூடத் தெரியாமல், கேஸ்பரோடு ஒரே ஊரிலிருந்து வந்து, அவர் மகனைக் கையில் வாங்கியிருக்கிறது. வெர்னா வாழ்நாளைக் கொடுத்துச் சம்பாதித்த இடத்தில் கிளெண்டா சும்மா பிறந்தே உட்கார்ந்திருக்கிறாள். எரியாமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை மதியம் போதகரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "வெர்னா, கிளெண்டா வந்திருக்காங்க. எங்கிட்ட இருக்கிற சாவியில பெட்டகத்தைத் திறந்துட்டேன். ஏடு நல்லாத்தானே இருக்கு? ஆனா நீங்க வராம தொடமாட்டேங்கிறாங்க."

வெர்னா போனபோது கிளெண்டா பின்னறையில் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் புது நோட்டு. ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தாள். ஏடு மூடியபடியே இருந்தது.

"எனக்கு ஒரு எழுத்துகூட புரியாது அண்ணி. நீங்க படிச்சுக் காட்டினாத்தான் உண்டு."

"பைண்டர் வந்தாரு" என்றாள் வெர்னா.

"நல்லதாப் போச்சு" என்றாள் கிளெண்டா. நம்பிச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெர்னா பக்கத்தைத் திருப்பினாள். பிள்ளை, யோஹான் மெல்கியோர். தகப்பன், கேஸ்பர். தாய், அன்னா பார்பரா. கிளெண்டா ஒவ்வொன்றையும் குண்டு குண்டாக எழுதினாள். நாலாவது கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெர்னாவின் வாயையே பார்த்தாள்.

எந்தப் பெயரையும் சொல்லலாம். அந்தக் காலத்து ஜெர்மன் பெயருக்கா பஞ்சம்? ஷ்மிட் என்று சொன்னால் ஷ்மிட் என்று எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வெர்னாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் அவள் வாழ்க்கையில் இந்த ஏட்டின் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை. விட்டிருக்கிறாள், தப்பாகப் படித்ததில்லை. எல்லாம் போனபின் மிச்சம் இருந்த ஒரே பெருமை அது. இவளுக்காக அதையும் விடுவதா?

"மெல்கியோர்" என்றாள்.

"அது புள்ள பேரு. எழுதிட்டேன் அண்ணி."

"ஏந்தினவர் பேரும் அதுதான். அவர் பேரைத்தான் புள்ளைக்கு வச்சிருக்காங்க."

"ஓ. மெல்கியோர் என்ன?"

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினார்கள். அது ஓடி ஓய்கிறவரைக்கும் காத்திருக்கலாமா என்று வெர்னா யோசித்தாள்.

"ஃபெஸ்லர்."

கிளெண்டா எழுதவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே ஊரு. ஹிர்ஷ்வைலர். போதகரே எழுதியிருக்காரு." இதைச் சொல்லும்போது வெர்னாவின் குரல் அவளுக்கே கேட்கப் பிடிக்காத மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி, வெல்லப்பாகுப் பலகாரம், கட்டிலில் கிடந்து சிரித்தவள் எல்லாம் நடுவில் வந்து நின்றது. கேட்கப்போகிறாள் என்று வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. ஆமாண்டி, சொன்னேன், அதுக்கு இப்போ என்ன என்று கத்தலாம்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள் கிளெண்டா.

வெர்னா படித்தாள். மெல்கியோர் ஃபெஸ்லர், அவர் மனைவி அப்பொலோனியா.

கிளெண்டா பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் எழுந்து வந்து வெர்னாவின் தோளருகே நின்றாள். புரியாத அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வலது கையை விரித்து, உள்ளங்கை முழுக்கப் படும்படி, பக்கத்தின் மேல் வைத்தாள்.

கைபட்டால் எண்ணெய் ஏறும், தொடாதீர்கள் என்று வெர்னா இந்த அறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாள். சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

அந்தக் கைக்குக் கீழே நாலு கட்டமும் இருந்தன. பிள்ளை, தகப்பன், தாய், எல்லாரும். வயதான கை, கல்யாண மோதிரம் சதைக்குள் அழுந்தியிருந்தது. அது எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டு வெர்னா உட்கார்ந்திருந்தாள்.