சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும்

நாய் குளிப்பாட்டும் கடை வைத்திருந்தவளுக்கு அந்தத் தெருவில் ஷாம்பு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கூப்பிட ஆளில்லாமல் அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. நாய்ச் சாதிகளைப் பற்றி அக்காவுக்கு அசைக்க முடியாத கருத்துகள் உண்டு. பக் பிறக்கும்போதே சலித்துக்கொண்டு பிறக்கும். பூடிலுக்குத் தான் ஒரு நாய் என்பதே தெரியாது, யாரும் சொல்லிவிடவும் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு உத்தியோக மிடுக்கு. லாப்ரடாருக்குச் சூடு சொரணை எதுவும் கிடையாது. ரொட்டி காட்டுகிறவன் எல்லாம் அதற்கு மாமன் மச்சான், திருடன் வந்தால் கூடவே போய் டார்ச் பிடிக்கும். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது டாஷ்ஹண்ட்தான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்று மாலை ஐந்தே கால் மணிக்கு, வலது பக்கத் தொட்டியில் அடைத்துக்கொண்டிருந்த கறுப்பு முடியைக் கம்பி விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி வந்ததும் கை நின்றுவிட்டது.

கடையில் இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு கொக்கி. குளிப்பாட்டும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றி அந்தந்தத் தொட்டியின் கொக்கியில் மாட்டுவாள். முடிந்ததும் அதே கொக்கியில் இருப்பதை எடுத்துக் கட்டுவாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. இன்று வந்தவை இரண்டும் கறுப்பு லாப்ரடார். இரண்டுக்கும் எட்டு வயது, இரண்டுக்கும் தாடையில் நரை. மேஜர் இடது தொட்டி, சிவப்புப் பட்டை. கரியன் வலது தொட்டி, பச்சைப் பட்டை. நடுவில் வலது தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. குளித்து முடித்திருந்த மேஜரைப் பட்டை கட்டாமலே மேசைமேல் ஏற்றிவிட்டு, நுரையோடு நின்ற கரியனைத் தூக்கி இடது தொட்டியில் விட்டாள்.

அப்போது பட்டைகளை இடம் மாற்றி மாட்டினாளா?

எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கை தன் பழக்கத்தில், இடது தொட்டியிலிருந்து இறங்கிய நாய்க்கு இடது கொக்கிப் பட்டையைக் கட்டியிருந்தால், சிவப்புப் பட்டையோடு போனது மேஜர் அல்ல, கரியன்.

மேஜர் ஒரு ஓய்வுபெற்ற ரயில் கார்டின் நாய். எல்லாருக்கும் அவர் கார்டு ஐயா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. கழுத்துப்பட்டையின் நிறம் தெரிந்தாலே அவருக்குப் பெரிய காரியம். கரியன் கணக்கு டீச்சர் வீட்டுப் பிள்ளை. டீச்சர் குடும்பத்தோடு ஒரு வேலையாக வெளியே போயிருந்ததால், இரண்டு நாள் முன்பு வந்திருந்த டீச்சரின் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருக்குக் கரியனையும் கன்றுக்குட்டியையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாய்களோ, வாலை ஆட்டிக்கொண்டு யார் கயிற்றைப் பிடித்தார்களோ அவர்களோடு போய்விட்டன.

இது மட்டும் என்றால் அக்கா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் மேஜருக்குச் சர்க்கரை நோய். மதியம் மேஜரை விட வந்தபோது கார்டு ஐயா சொல்லியிருந்தார்.

“காலையில ஆறு மணி, சாயந்திரம் ஆறு மணி, இன்சுலின் ஊசி. ரெண்டு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லம்மா. ஊசி பேனா மாதிரி இருக்கும், அடியில திருகினா டிக் டிக்குனு சத்தம் வரும். எனக்குத்தான் கண்ணு தெரியலையே, பத்து டிக் எண்ணிக்குவேன். சத்தம் கேட்டா அவனே வந்து ஒருக்களிச்சுப் படுத்துக்குவான்.”

“அவ்வளவு ஜாக்கிரதையா எண்ணணுமா ஐயா?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

“பின்ன? நல்லா இருக்கற நாய்க்கு அந்தப் பத்தைப் போட்டா வலிப்பு வந்து ஆளே போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அக்கா கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ரயில் கார்டாக முப்பத்தைந்து வருடம் கொடி காட்டிய மனிதருக்கு ஆறு என்றால் ஆறுதான். ஆறு மணிக்கு இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தது.

கார்டு ஐயாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்று தடவை போட்டாள், மூன்று தடவையும் அதே கதை. டீச்சர் வீட்டுக்குப் போட்டாள். தம்பி எடுத்தார்.

“நாய் நல்லாத்தாங்க இருக்கு. ரொட்டி குடுத்தேன், சாப்பிட்டுச்சு. தண்ணிதான் ஒரு வாளி குடிச்சுடுச்சு, இன்னும் கேக்குது. குளிச்ச நாய்க்கு எதுக்குங்க இவ்வளவு தாகம்?”

சர்க்கரை நோய்க்காரன் கேட்கிற தண்ணீர் அது. இனி ரொட்டியே கொடுக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் புத்தி எங்கெங்கோ போயிற்று. ஒருவேளை பட்டைகளைச் சரியாகத்தான் கட்டியிருப்போமோ. வெயிலுக்கு எந்த நாய்தான் தண்ணீர் குடிக்காது. சொல்லிவிட்டு, பிறகு ஒன்றுமில்லை என்றால் கடையின் பெயர் என்ன ஆகும். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. வயதான நாய், ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது. இது புதிய நினைப்பு அல்ல. ஒன்பது வயதில் இதே நினைப்பு அவளுக்கு ஒருமுறை வந்திருக்கிறது.

அவர்கள் வீட்டில் ஒரு டாஷ்ஹண்ட் இருந்தது. அந்த நீளத்துக்கும் குட்டைக் காலுக்கும் பெஞ்சு என்று பெயர். பள்ளிவிட்டு வந்தால் இவளுடைய காலுறையில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம் போகும். ஒரு விடுமுறை நாளில் இவள் பெருக்கும்போது அலமாரிக்கு அடியில் இருந்த எலிமருந்துத் தட்டு துடைப்பத்தோடு வெளியே வந்தது. பெஞ்சு இரண்டு நக்கு நக்கியது. இவள் பார்த்தாள். தட்டை உள்ளே தள்ளினாள். அப்பா அடிப்பார் என்ற பயத்தில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியபோது, உடனே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் நாய் டாக்டர். மருந்தை அங்கே வைத்த அம்மா, என்னால்தானே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் இவள் வாயைத் திறக்கவில்லை.

கடையைப் பூட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல், ரப்பர் செருப்போடு தெருவில் ஓடினாள்.

கார்டு ஐயா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் உடனே வந்தது, பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டது. முன்னால் ஏதோ லாரி பழுதாம். ஓட்டுநர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் காது குடையத் தொடங்கினார். அக்கா இறங்கி ஓடினாள். ஓட ஓடப் போன் போட்டாள். வழியெல்லாம் கண்ணுக்குள் ஒரு கறுப்பு நாய் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. தன் பிள்ளைக்கு மருந்து போடுகிறோம் என்று ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படி ஏறும்போது மணி ஆறாக இரண்டு நிமிடம். கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள்.

கார்டு ஐயா கதவைத் திறந்தார். இடது கையில் பேனா ஊசி, மூடி கழற்றியிருந்தது.

“போட்டுட்டீங்களா ஐயா?”

“இன்னும் ஆறு ஆகலையேம்மா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“போன் அடிச்சேனே ஐயா.”

“அது உள் ரூம்ல சார்ஜ்ல கெடக்கு. உள்ள வா. என்ன ஷாம்பு போட்டியோ தெரியல, பையன் இன்னைக்குக் குமரனா ஆயிட்டான். ரெண்டு வருஷமா மூணாவது படியில நின்னுட்டுத்தான் ஏறுவான். இன்னைக்கு ஒரே ஓட்டம்.” முகமெல்லாம் சிரிப்பு. சிவப்புப் பட்டை கட்டிய நாய் அக்காவைப் பார்த்ததும் குதித்து வந்து அவள் முழங்காலை நக்கியது.

அக்கா கொக்கி, தொட்டி, அடைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். “இது மேஜரா இல்லாம இருக்கலாம் ஐயா. எம்மேலதான் தப்பு.”

கார்டு ஐயாவின் சிரிப்பு போய்விட்டது. “என் பையனை எனக்குத் தெரியாதா? கண்ணுதான் மங்கல், கை மங்கலா? எட்டு வருஷம் தடவுன முதுகும்மா இது.”

“வாசனையெல்லாம் நான்தான் கழுவிட்டேனே ஐயா.”

“மணி ஆறு ஆச்சு. தள்ளு.”

அவர் நாயின் பக்கத்தில் குந்தினார். பெரியவரின் கையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட அக்காவுக்குத் தோன்றியது. சட்டென்று மதியம் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

“ஐயா, ஊசி குத்த வேணாம். திருக மட்டும் செய்யுங்க. சத்தம் கேட்டா அவனே படுத்துக்குவான்னு சொன்னீங்களே. படுத்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்.”

கார்டு ஐயா அவள் நின்ற பக்கம் முறைத்தார். பிறகு பேனாவைத் திருகினார். டிக், டிக், டிக். நாய் காதைத் தூக்கியது. பத்து முடிந்தது. நாய் முன்னங்காலை நீட்டிக் குனிந்து, விளையாடலாமா என்பதுபோல வாலை ஆட்டியது.

“விளையாடுறான்,” என்றார். திரும்பப் பின்னால் திருகிவிட்டு மறுபடி எண்ணினார். இந்தத் தடவை நாய் பேனாவை நக்கிப் பார்த்தது, ருசியில்லை என்று தெரிந்ததும் சோபாவுக்கு அடியில் கிடந்த பந்தைத் தேடிப் போய்விட்டது. மூன்றாவது தடவை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“மூடியைப் போடும்மா,” என்று பேனாவை நீட்டினார். “எனக்குத் துளை தெரியல.” பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அப்ப என் பையன் எங்க?” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

டீச்சர் வீட்டுக்குப் போகிற டாக்சியில் கரியன் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்துக்கொண்டு வந்தது. கார்டு ஐயா நாய் டாக்டரிடம் போனில் பேசினார். ரொட்டி தின்றிருந்தாலும் ஊசி வழக்கமான அளவுதான், பயந்துபோய்க் கூடப் போட்டுவிடாதீர்கள், ராத்திரி ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். கார்டு ஐயா பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத பெஞ்சுவின் கதையை, துடைப்பம், தட்டு, அம்மாவின் அழுகை வரைக்கும் அக்கா சொல்லி முடித்தாள். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் இருட்டத் தொடங்கியிருந்தது. தம்பி கேட்டைத் திறந்ததும் கரியன் யாரையும் கேட்காமல் நேராகச் சமையலறைக்கு ஓடியது. முன்கூடத்தில், வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்புப் பொதி கிடந்தது. அசையவில்லை.

“ஒரு மணி நேரமா அங்கேயேதான் படுத்திருக்கு,” என்றார் தம்பி. “கூப்பிட்டா தலையைக்கூடத் தூக்கல.”

கார்டு ஐயாவுக்கு எதுவும் தெரியவில்லை. வாளி எது, நாய் எது, நிழல் எது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். பேனாவைத் திருகினார்.

டிக். டிக். டிக்.

நாலாவதில் அந்தப் பொதி எழுந்தது. ஒவ்வொரு காலாக ஊன்றி, தள்ளாடி நடந்து வந்து, அவருடைய செருப்பின்மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

கார்டு ஐயா பத்து வரை எண்ணினார். மண்டியிட்டுத் தடவி இடம் பார்த்து ஊசியைப் போட்டார்.

“தினம் ரெண்டு தடவை குத்துறேன்,” என்றார் யாரிடமும் இல்லாமல். “இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் படுத்துக்கறான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

அக்கா மேஜரின் கழுத்திலிருந்த பச்சைப் பட்டையைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். டாக்சியிலேயே கரியனிடமிருந்து கழற்றி வைத்திருந்த சிவப்புப் பட்டையைக் கார்டு ஐயாவிடம் நீட்டினாள். தன்மேல் அவருக்கு இனி நம்பிக்கை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீயே கட்டும்மா,” என்றார். “உங்க அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப அவங்ககிட்டயும் சொல்லிடு.”

அவள் குனிந்து பட்டையைக் கட்டினாள். முள் இரண்டு தடவை துளையைத் தவறவிட்டது, மூன்றாவது தடவைதான் ஏறியது. மேஜர் அதுவரை பொறுமையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது. கட்டி முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.