சாளக்கிராமம் காட்கோபர் போகிறது

பெருமாளாகவே பூஜிக்கும் கல் என்பதால், எங்கள் வீட்டுச் சாளக்கிராமத்தைப் பெண்கள் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் போன பிறகு, அதற்குப் பூஜை செய்ய அவர் தம்பி சங்கரன் தினமும் காலையில் காட்கோபரிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பாலாபிஷேகம், துளசி, நான் வடித்த சாதம் நைவேத்யம். பிறகு ஒரு காபி, கொஞ்சம் ஊர்வம்பு. அன்றைக்கு என் காதில் விழும் மனிதக் குரல் அதோடு சரி. மற்றபடி குக்கர் விசில்தான்.

போன வாரம் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஸ்டேஷன் பிரிட்ஜ் ஏற முடியலை மன்னி. ஞாயித்துக்கிழமை பெருமாளை எங்காத்துக்கே அழைச்சுண்டு போயிடறேன்."

கல் போனால் சங்கரனும் வர மாட்டார். 'எனக்குப் பேச ஆளில்லை, சும்மாவாவது வாங்கோ' என்று கேட்டிருக்கலாம். வறட்டு கௌரவம் விட்டால்தானே!

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து என் பிள்ளை சுதர்சன் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அம்மா, அது அமோனைட். கடல்ல இருந்த ஒரு பிராணியோட ஓடு, கல்லாப் போயிடுத்து. டைனோசர் காலத்துலயே குடும்பத்தோட அழிஞ்சாச்சு. ஓட்டுக்குள்ள ஒவ்வொரு அறையா கட்டி அடைச்சுண்டே வரும். கடைசி அறையிலதான் குடியிருக்கும்."

நானும் இரண்டு அறையைப் பூட்டிவிட்டு ஹாலில்தான் படுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் சங்கரனிடம் ஒப்பித்தேன். பெருமாள் இல்லை, வெறும் பிராணி என்று தெரிந்தால் கல்லை இங்கேயே விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் பூஜைக்கு மட்டும் எதற்கு வருவார் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

சங்கரன் கல்லைக் கண்ணருகே கொண்டுபோய் அதன் துவாரத்துக்குள் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதோட குடும்பத்துல ஒண்ணுகூட மிச்சமில்லையா மன்னி?"

"இல்லையாம்."

"அடப்பாவமே! அப்போ இதைத் தனியா விடவே படாது."

பட்டுத் துணியில் சுற்றி, வெள்ளிச் சம்புடத்தில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்.

"இனிமே நீங்க எனக்காகக் காலங்கார்த்தால எழுந்துக்க வேண்டாம் மன்னி. நிம்மதியா தூங்குங்கோ."

"சரி" என்றேன். அவர் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவது மூன்று மாடிக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.